கடல் கடந்து கற்கச் செல்லும் பிள்ளையும் வங்கிக் கணக்கும்

தோட்டத்தில் வாழும் பெற்றோருக்கு வங்கி புதியதன்று. அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணியை ஏற்று 1974ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் தோன்றிய தேசிய சேமிப்பு வங்கியின் கணக்குப் புத்தகம் பல வீடுகளில் உண்டு. சம்பளமும் வங்கி வழியாகவே வந்து சேர்கின்றது. ஆயினும், பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிள்ளைக்கு இடம் கிடைத்து, அங்கு சென்றபின் வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும் என்று கேள்வியுறும்போது பெற்றோர் பலர் திகைப்படைகின்றனர்.

திகைப்படையத் தேவையில்லை. இதற்கு ஆங்கிலப் புலமையைக் காட்டிலும் ஒழுங்கான பத்திரங்களே முதன்மையானவை. அப்பத்திரங்களுட் பெரும்பாலானவற்றைப் பயணத்திற்கு முன்பே, நம் நாட்டிலேயே சீர்செய்து கொள்ளலாம்.

பெயர் ஒன்றாக இருத்தல்

முதலிற் கவனிக்க வேண்டியது பெயர். நம் கடப்பிதழில் பெயர் முழுவதும் ஒரே தொடராக அச்சிடப்படுகின்றது. தந்தையின் பெயருக்கு முன் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்னும் எழுத்துகள் நிற்கின்றன. பிரிட்டிஷ் படிவங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களை வைத்திருக்கின்றன. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. ஆதலின் ஒரு படிவத்தில் தந்தையின் பெயர் குடும்பப்பெயர் ஆகின்றது. மற்றொன்றில் ‘ஏ/எல்’ என்பதும் பெயரின் பகுதியாகி விடுகின்றது. சாய்ந்த கோட்டைச் சில கணினிப் படிவங்கள் ஏற்பதே இல்லை.

எழுத்து வேறுபாடு இன்னொரு தொல்லை. இலட்சுமி என்னும் ஒரே பெயரை ரோமன் எழுத்தில் பலவாறு எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருப்பின், நாமிருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை நம்மைச் சேர்ந்தது.

எனவே, கடப்பிதழில் உள்ள பெயரையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். முதல் படிவத்தை நிரப்புவதற்கு முன்னர், தம் பெயரை எவ்வாறு பிரித்து எழுத வேண்டும் என்று பிள்ளை பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்டுக்கொள்ளட்டும். அதன்பின் எல்லாப் படிவங்களிலும் அவ்வாறே எழுதுக. பிறப்புப் பத்திரத்தில் வேறுபாடு இருந்தால், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைப் பெற்று வைத்துக்கொள்வது நலம்.

புறப்படுமுன் பணம்

பிரிட்டன் மாணவர் விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்கான பணம் கையிருப்பில் இருத்தல் வேண்டும். 2025 நவம்பர் 11ஆம் நாள் முதல் இத்தொகை, லண்டனில் கற்போருக்கு மாதம் 1,529 பவுன். ஏனைய இடங்களில் 1,171 பவுன். அதிகமாக ஒன்பது மாதங்களுக்குக் கணக்கிடுவர். செலுத்தாமல் எஞ்சிய முதலாண்டுக் கல்விக் கட்டணம் இதற்குப் புறம்பானது. இப்பணம் தொடர்ந்து 28 நாள்கள் வங்கியில் இருந்திருக்க வேண்டும். பெற்றோரின் கணக்கில் இருப்பின், பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் தேவை. மலேசியர் இச்சான்றுகளைப் பொதுவாக விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டும். ஆகவே, கடைசி வாரத்தில் கடன் வாங்கிக் கணக்கில் போடுவது பயன் தராது.

ஊழியர் சேமநிதி உறுப்பினர்கள், பிள்ளையின் உயர்கல்விக்காகத் தம் சேமிப்பின் ஒரு பகுதியை எடுக்க விண்ணப்பிக்கலாம். 2024 மே 11ஆம் நாள் முதல் ‘செஜாத்தெரா’ கணக்கு என்று வழங்கும் பகுதியிலிருந்து இது கொடுக்கப்படுகின்றது. முதுமைக்கென வைத்த பணமாதலால் கணக்குப் பார்த்தே எடுத்தல் வேண்டும்.

அங்கே வங்கி கேட்பவை

பிரிட்டனில் 2017ஆம் ஆண்டின் பணத்தூய்மைத் தடுப்பு விதிகளின்படி, கணக்குத் திறப்பவர் யார் என்பதை வங்கி உறுதி செய்தாக வேண்டும். ஆதலால் பொதுவாக நான்கு சான்றுகள் கேட்கப்படும்.

1. கடப்பிதழ்.

2. விசாச் சான்று. முன்னர் வழங்கப்பட்ட வதிவிட அட்டைகளுக்குப் பதிலாக இப்பொழுது கணினியில் பதிவான மின்விசாவே உள்ளது. தம் கணக்கினுள் சென்று பகிர்வு எண் ஒன்றைப் பெற்று, மாணவர் அதனை வங்கிக்குக் காட்டலாம்.

3. பல்கலைக்கழகம் வங்கிக்கு எழுதும் கடிதம். மாணவர் பெயர், பயிலும் பாடம், அங்குள்ள முகவரி, சொந்த நாட்டு முகவரி ஆகியன அதில் இருக்கும். பெயர்ப்பதிவு முடிந்த பின்னரே இது கிடைக்கும்.

4. தங்குமிடச் சான்று. விடுதி ஒப்பந்தம் இதற்கு உதவும். சில வங்கிகள் பல்கலைக்கழகக் கடிதத்தையே போதுமெனக் கொள்ளும்.

கடிதம் கைக்கு வந்தவுடன் அதிலுள்ள பெயரைக் கடப்பிதழோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். பிழை இருந்தால் அதனைத் திருத்திய பின்னரே வங்கிக்குச் செல்லுதல் அறிவுடைமை.

எந்தக் கணக்கு?

பிரிட்டிஷ் மாணவருக்கென உள்ள கணக்குகளில், இருப்பைக் கடந்து பணம் எடுக்கும் சலுகை உண்டு. வெளிநாட்டு மாணவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. சில வங்கிகள் வெளிநாட்டு மாணவர் கணக்கிற்கு மாதக் கட்டணம் வாங்குகின்றன. கட்டணமில்லா ‘அடிப்படைக் கணக்கு’ ஒன்றும் உண்டு. பெரிய வங்கிகள் அதனை வழங்கக் கடமைப்பட்டுள்ளன. வாடகை கட்டவும் பகுதிநேர ஊதியம் பெறவும் அதுவே போதுமானது. அட்டையும் கிடைக்கும். வங்கி முறிந்தாலும் ஒருவருக்கு 1,20,000 பவுன் வரை ஈடு உண்டு. இவ்வரம்பு 2025 டிசம்பர் 1ஆம் நாள் உயர்த்தப்பட்டது.

செப்டம்பர் மாதத்தில் மாணவர் கூட்டம் மிகுதி. கணக்குத் திறக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை செலவுக்கு, நம் நாட்டு வங்கி அட்டையை வெளிநாட்டிலும் பயன்படுத்தும் அனுமதியைப் புறப்படுமுன்னர் பெற்றுக்கொள்க. ரொக்கத்தை அளவோடு எடுத்துச் செல்க. மலேசியாவை விட்டுப் புறப்படுவோர் 10,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள ரொக்கத்தைச் சுங்கத்துறையிடம் அறிவிக்க வேண்டும். பிரிட்டனுள் 10,000 பவுனும் அதற்கு மேலும் கொண்டு செல்வோர் அங்கும் அறிவிக்க வேண்டும்.

பணம் அனுப்பும் முறை

பிள்ளையிடமிருந்து எட்டு இலக்கக் கணக்கு எண், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஆறு இலக்க எண், ‘ஐபான்’ எனப்படும் 22 எழுத்தும் எண்ணும் கொண்ட குறி, ‘ஸ்விஃப்ட்’ குறி ஆகியவற்றை எழுத்து மூலம் பெறுக. முதல் தடவை சிறு தொகை அனுப்பி, அது சேர்ந்தபின் மீதியை அனுப்புக. வங்கி வழியாகவோ, 2011ஆம் ஆண்டின் பணச்சேவைத் தொழில் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகவோ மட்டுமே அனுப்புக. ‘விரைவில் சேரும், செலவு குறைவு’ என்று கூறும் உரிமமற்றவரிடம் கொடுத்த பணம் காணாமற் போனால், கேட்பதற்குச் சீட்டும் இராது.

கணக்கை இரவல் கொடாதீர்

பிள்ளைக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி இது. ‘உன் கணக்கில் பணம் வரும், அதை வேறிடத்திற்கு மாற்றிவிடு, உனக்கும் பங்கு உண்டு’ என்று மாணவரை அணுகுவோர் உளர். அது பெரும்பாலும் மோசடியால் பெற்ற பணம். நம் நாட்டில் ‘அக்காவுன் கெல்டாய்’ எனப்படுவது இதுவே. பிரிட்டனில் இதற்குப் பதினான்கு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வழக்கு இல்லாவிடினும் கணக்கு மூடப்படும். மோசடிப் பதிவேட்டில் ஆறாண்டுகள் பெயர் நிற்கும். வேறு வங்கியில் கணக்குத் திறப்பதும் அரிதாகும். அட்டை, இரகசிய எண் ஆகியவற்றை அறை நண்பனுக்கும் கொடுத்தல் ஆகாது. படிப்பு முடிந்து திரும்பும்போது, பயன்படுத்தாத கணக்கை முறையாக மூடிவிட்டே வர வேண்டும்.

பெற்றோரே! பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னர் ஒரு மாலை நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். பிள்ளையின் கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பல்கலைக்கழகக் கடிதம் ஆகிய நான்கையும் மேசையின்மேல் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், தோட்டப் பள்ளி ஆசிரியரின் துணையை நாடலாம். அன்று கண்ட பிழையைத் திருத்த நம் ஊரிலேயே வழியுண்டு. அதே பிழையை அயல்நாட்டு வங்கியின் முகப்பில் கண்டால், வாடகை கட்ட வேண்டிய நாள் காத்திராது.