கேட்காமல் விட்ட வீடுகள்

வடலூர்

அன்புள்ள பேத்திக்கு,

உன் பள்ளி ப்ராஜெக்ட் தாத்தாவுக்கு வந்து சேர்ந்தது. கலர் பென்சிலில் போட்ட வட்டப்படம் அழகு. 'நெய்வேலி மக்களின் வாசிப்புப் பழக்கம்' என்று தலைப்பு. எழுபது பேரைக் கேட்டதில் அறுபத்தாறு பேர் புத்தகம் வாசிப்பவர்கள் என்று முடிவு. எங்கே நின்று கேட்டாய் என்று பார்த்தால், புத்தகக் கண்காட்சி வாசலில்! பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் "சாப்பிட வந்தீர்களா?" என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

தாத்தா சிரித்துவிட்டார் என்று கோபித்துக்கொள்ளாதே. இதில் பெரிய மனிதர்களே சறுக்கியிருக்கிறார்கள்.

1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. பதவியில் இருந்த ரூஸ்வெல்ட் தோற்பார், எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது பத்திரிகை. நடந்தது என்ன? 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்கு. ஐம்பதாயிரம் பேர் அளவில் மட்டும் கேட்ட ஜார்ஜ் கேலப், யார் ஜெயிப்பார் என்பதைச் சரியாகச் சொல்லியிருந்தார். பத்திரிகைக்கு முகவரிகள் கிடைத்தது பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்த நாளில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அது ஒரு ஓட்டை. சீட்டு கிடைத்தவர்களிலும் நாலில் மூன்று பேர் பதிலே போடவில்லை என்பது இன்னொன்று. ஆட்சிமேல் கடுப்பில் இருந்தவர்தான் மெனக்கெட்டுத் தபால் பெட்டி வரை நடந்தார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பாட்டி சொல்வாள். சரிதான், பானை முழுக்க ஒரே தண்ணீர், ஒரே கொதி. ஊர் அப்படிக் கொதிப்பதில்லை.

நம் நெய்வேலிக் கதையையே எடுத்துக்கொள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. பழுப்பு நிலக்கரி! அந்த ஒரு கிணற்றை நம்பி யாரும் சுரங்கம் வெட்டிவிடவில்லை. இடம் இடமாகத் துளை போட்டுப் பார்த்து, கரி எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு கனத்தில் படிந்திருக்கிறது என்று கணக்கெடுத்த பிறகுதான், 1956-இல் நிலக்கரி நிறுவனமே பிறந்தது. ரோட்டோரம் லாரி நிறுத்த வசதியான இடத்தில் மட்டும் துளை போட்டிருந்தால் கிடைத்திருப்பது ரோட்டோரத்துக் கணக்குதான். மண்ணிடம் காட்டிய இந்தப் பொறுமையை மனிதரிடம் காட்ட நமக்கு ஏனோ வருவதில்லை.

அதற்கும் ஓர் உதாரணம் இந்தியாவிலேயே உண்டு. மும்பையின் சி.எம்.ஐ.இ. என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க ஒன்றே முக்கால் லட்சம் வீடுகள் அளவில் ஒரு குடும்ப சர்வே நடத்துகிறது. வேலையின்மை பற்றிச் செய்தித்தாளில் வரும் எண்கள் பலவும் அதிலிருந்து வந்தவை. பொருளாதார அறிஞர் ஜான் த்ரேஸும் அன்மோல் சோமஞ்சியும் 2021-இல் அதன் முறையைக் கேள்வி கேட்டார்கள். கிராமத்துக்குப் போகிறவர் மெயின் தெருவில் தொடங்கி, இத்தனை வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டு போவார். எண்ணிக்கை நிரம்பாவிட்டால்தான் உள்தெருவுக்குள் நுழைவார். இதனால் ஏழை வீடுகள் குறைந்துபோகின்றன என்பது அவர்கள் வாதம். நிறுவனம் தன் முறையை ஆதரித்துப் பதில் எழுதியது. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்த வாதம் சட்டென்று புரியும். கோயிலும் மாடி வீடும் மெயின் தெருவில். காலனி ஊருக்கு வெளியே, வயலைத் தாண்டி. தெருவின் அமைப்பிலேயே சாதியும் வசதியும் எழுதியிருக்கும் நாட்டில், மெயின் தெருவிலிருந்து தொடங்குவது சின்ன விஷயமில்லை. வீடுகளை லட்சக்கணக்கில் கூட்டினாலும் அந்தக் கோணல் நிமிராது.

இனி உன் ப்ராஜெக்ட். மெயின் பஜாரில் காலை பதினொரு மணிக்கு நின்றால் சரியாகிவிடுமா என்று கேட்டிருந்தாய். அந்த நேரத்தில் முதல் ஷிஃப்ட்காரர் சுரங்கத்தில் இருப்பார், நைட் ஷிஃப்ட்காரர் தூக்கத்தில் இருப்பார். மந்தாரக்குப்பத்திலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு பஜாரில் என்ன வேலை? அதைவிட, நெய்வேலியின் குடியிருப்பு வட்டம் ஒவ்வொன்றிலும் உள்ள வீட்டு எண்களை எழுதிச் சீட்டுக் குலுக்கு. விழுந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டு ஒப்பேற்றிவிடாதே, மறுநாள் மாலை மறுபடி போ. ஆள் கிடைக்காத வீடு பெரும்பாலும் ஷிஃப்ட்காரர் வீடாகவே இருக்கும். அவரைத் தள்ளிவிட்டால் மறுபடியும் கண்காட்சி வாசலிலேயே நிற்பாய்.

சீட்டு எழுதுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள். நெய்வேலிக்காரர் என்று யாரைச் சொல்லப் போகிறாய்? ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூருக்கு வந்துவிட்ட தாத்தா அந்தப் பட்டியலில் உண்டா, இல்லையா? உண்டு என்றால் வடலூர் வீடுகளுக்கும் சீட்டு எழுது. இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை கேள்வித்தாள் இல்லாமல் வா, பாட்டி அதிரசம் சுடுகிறாள்.

அன்புடன்,
தாத்தா