சிரோசிஸ் நோயாளிக்கு மலச்சிக்கல் ஆகாது

மலம் தேங்கினால் குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அம்மோனியா கூடும்; சிரோசிஸால் பழுதான கல்லீரலால் அதை முழுதாக அகற்ற முடியாது. அது ரத்தத்தோடு மூளைக்குப் போய்க் குழப்பத்தை உண்டாக்கும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கையெழுத்து கோணுவது, நீட்டிய கை உதறுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

இதற்குத் தரும் லாக்டுலோஸ் சிரப் வெறும் பேதி மருந்தல்ல. பெருங்குடலை அமிலத்தன்மையாக்கி, அம்மோனியாவை அங்கேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும். தினம் 2, 3 முறை இளக்கமாகப் போனால் அளவு சரி. அதற்கு மேல் போனால் உடம்பில் நீர் வற்றிக் குழப்பம் கூடும். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறையுங்கள். ஆள் தெளிந்துவிட்டார் என்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

புரதம் கூடாதென்று பருப்பையும் தயிரையும் ஒதுக்கச் சொன்னது அந்தக் காலம். அம்மோனியாவை அகற்றத் தசையும் உதவுகிறது. புரதம் குறைந்தால் அந்தத் தசை கரையும்.