ஏன் இவ்வளவு தாமதம்? சிட்லிங்கி பள்ளத்தாக்கு நமக்குக் கற்றுத்தரும் பாடம்

வேதபகுதி: மாற்கு 2:1-12

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபப் பங்காளர்களே, ஆதரவாளர்களே,

இந்த இதழின் பாடத்திற்காகத் தருமபுரி மாவட்டத்தின் மலைக் கிராமம் ஒன்றை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அங்கே போகுமுன் எங்களைப் பற்றி ஒன்றை அறிக்கை செய்ய வேண்டும்.

மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நாங்கள் அடிக்கடி கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. பிரசவ வலி தொடங்கி இரண்டாம் நாள் ஒரு தாயைத் தூக்கி வருவார்கள். வயிற்றுப்போக்கினால் கண்கள் குழிவிழுந்த குழந்தையைப் பாட்டி தோளில் போட்டுக்கொண்டு வருவார். அப்பொழுது, "ஏம்மா, இவ்வளவு நேரம் கழிச்சா கூட்டிட்டு வர்றது?" என்று எங்கள் வாயிலிருந்து வந்துவிடும். பாட்டி பதில் சொல்வதில்லை, தலையைக் குனிந்துகொள்வார். நாங்களும் எங்கள் வேலையைச் செய்தோம் என்று எண்ணிக்கொள்வோம்.

அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதைத்தான் சிட்லிங்கி நமக்குக் கற்றுத் தருகிறது.

1. ஊரும் மக்களும்

தருமபுரி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால், ஒரு பக்கம் கல்வராயன் மலையும் மறுபக்கம் சித்தேரி மலையுமாக ஒரு பள்ளத்தாக்கு வருகிறது. அதுதான் சிட்லிங்கி. பள்ளத்தாக்கிலும் மலைச்சரிவிலுமாகச் சிறு சிறு ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன.

இங்கே அதிகமாக வாழ்கிறவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர் அது; அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறி வந்தவர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. அவர்களோடு லம்பாடி மக்களும் தங்கள் தாண்டாக்களில் வாழ்கிறார்கள். சாமை, கேழ்வரகு, தினை, கம்பு ஆகியவை மலை மண்ணின் பழைய பயிர்கள்.

ஏழை ஊர் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் இவர்கள் வெறுங்கையர் அல்ல. மானாவாரி நிலத்தில் எந்த விதை தாங்கும் என்று அறிந்தவர்கள். நோயாளியைத் தூளியில் கட்டித் தோளில் சுமந்து மைல் கணக்காக நடக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு இல்லாமற்போனது கிட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி.

1990-களின் தொடக்கத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கு அருகிலிருந்த ஆஸ்பத்திரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அறுவைச் சிகிச்சை வேண்டுமானால் அதைவிட அதிகத் தூரம் போகவேண்டும். அக்காலத்தில் இங்கே 1000 குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 1993-இல் இந்தியா முழுவதற்குமான சராசரி 74. அதாவது, நாட்டின் மற்ற இடங்களில் ஒரு குழந்தை மரித்த வேளையில் இங்கே இரண்டு குழந்தைகள் மரித்தன. பிரசவத்தில் மரித்த தாய்மாரும் பலர்.

2. மூன்று தாமதங்கள்

பிரசவ மரணங்களை ஆராய்ந்த தாதேயுஸ், மெயின் என்னும் இருவர் 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் சொன்ன "மூன்று தாமதங்கள்" என்னும் பாடம் இன்றைக்கும் உலகமெங்கும் நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் கற்பிக்கப்படுகிறது.

முதல் தாமதம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் வருவது. மருமகளுக்கு வலி வந்ததும் மாமியார் ஒரு கணக்குப் போடுகிறார்: கையில் காசு இல்லை, அறுப்பு நேரம், போன இடத்தில் யாரையும் தெரியாது, ஏசுவார்களோ என்ற பயம் வேறு. இது அறியாமை மட்டும் அல்ல; முன்னே பட்ட அனுபவமும் அதில் இருக்கிறது.

நம்முடைய சரித்திரத்திலும் இதைக் காண்கிறோம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு உதவும்படி ஐடா ஸ்கடர் அம்மையாரை அழைத்தார்கள். அவர் அப்பொழுது டாக்டர் அல்ல. டாக்டரான அவருடைய தகப்பனார் அதே வீட்டில் இருந்தார். ஆனால் ஆண் டாக்டர் பார்ப்பதற்குக் குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் மரித்தார்கள். அந்த இரவுக்குப் பின்தான் அம்மையார் மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பி வந்து வேலூரில் ஊழியத்தைத் தொடங்கினார். அங்கே டாக்டர் சில தெருக்களுக்கு அப்பால் இருந்தும் எட்டாத தூரத்தில் இருந்தார்.

இரண்டாம் தாமதம், வழியில் வருவது. பிரசவத்திற்குப் பின் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் ஒரு தாய் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே மரிக்கக்கூடும். பஸ் வருமுன், ஓடை வடியுமுன் அந்த நேரம் கடந்துவிடும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. பெரிய நன்மை அது. ஆனால் ஆம்புலன்ஸுக்குப் பாதை வேண்டும். இதே தருமபுரி மாவட்டத்தின் கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தாமதம், ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பின்னும் வருவது. டாக்டர் இல்லை, இரத்தம் இல்லை, சீட்டு வாங்க வரிசை, எந்த அறைக்குப் போவது என்று சொல்ல ஆள் இல்லை. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அதட்டுகிற குரலையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இன்று அந்த அதட்டலைக் கேட்டவர், அடுத்த முறை முடிவெடுக்க இன்னும் ஒரு நாள் தயங்குவார். எங்களுடைய மூன்றாம் தாமதம் இன்னொரு குடும்பத்தின் முதல் தாமதமாகிவிடுகிறது.

3. பள்ளத்தாக்கு கண்ட வழி

1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்னும் தம்பதியர் சிட்லிங்கிக்கு வந்தார்கள். அதற்கு முன் காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் இவர்கள். ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெயரில் பணியைத் தொடங்கினார்கள். இது நம்முடைய மிஷன் நடத்துகிற ஆஸ்பத்திரி அல்ல. ஆனாலும் பிறருடைய உழைப்பிலிருந்து கற்றுக்கொள்வது நமக்கு வெட்கமல்ல.

ஊர் மக்கள் கட்டிக் கொடுத்த ஒரு சிறு குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. ஒரே அறை, ஒரு பல்பு, நோயாளியைப் பார்ப்பதும் பிரசவம் பார்ப்பதும் ஒரே பெஞ்சில். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அப்படியே நடந்தது. பின்பு நண்பர்களின் உதவியால் 10 படுக்கைகள் கொண்ட கட்டடம் எழும்பியது. அது வளர்ந்து 35 படுக்கைகளை எட்டியது.

கட்டடத்தைவிட நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பள்ளிப் படிப்பு முடித்த அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளையே தெரிந்தெடுத்து நர்ஸ் வேலைக்குப் பயிற்றுவித்தார்கள். பிரசவம் பார்க்கவும், அறுவைச் சிகிச்சையில் உதவவும், ஆபத்தை முன்கூட்டியே அறியவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அடுத்தபடியாக, ஒவ்வொரு ஊரும் தனக்குள்ளிருந்து ஒரு பெண்மணியைத் தெரிந்தெடுத்தது. அநேகர் வயதில் மூத்தவர்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறார்கள். குழந்தைகளின் எடையைப் பார்க்கிறார்கள். உணவையும் சுத்தத்தையும் பற்றிப் பேசுகிறார்கள்.

மூன்று தாமதங்களுக்கும் இதில் பதில் இருப்பதைப் பாருங்கள். "இந்தப் பிள்ளைக்குக் கால் வீங்கியிருக்கு, இன்னைக்கே காட்டணும்" என்று சொல்கிறவர் சொந்த ஊர் அத்தையாக இருந்தால் மாமியார் கேட்கிறார். ஆஸ்பத்திரி பள்ளத்தாக்கிலேயே இருந்தால் இரத்தம் வடிகிற தாய்க்கு நேரம் கிடைக்கிறது. வாசலில் நிற்கிற நர்ஸ் தன் ஊர்ப் பெண்ணாக இருந்தால் நோயாளிக்குப் பயமில்லை.

வயலையும் அவர்கள் மறக்கவில்லை. விலைகொடுத்து வாங்கும் உரமும் மருந்தும் விவசாயியைக் கடனில் தள்ள, பிழைப்புத் தேடிப் பெற்றோர் ஊரைவிட்டுப் போனால் குழந்தையின் எடை குறைகிறது. ஆகையால் இயற்கை விவசாயிகள் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பழைய பூத்தையல் வேலையைத் தொழிலாக்கிய "போர்கை" என்ற அமைப்பும் அங்கே உருவாயின.

பலன் என்ன? பிறக்கும் 1000 குழந்தைகளில் முதல் ஆண்டிலேயே மரிப்பவர்கள் 147 என்றிருந்த கணக்கு, அவர்கள் வெளியிட்ட விவரப்படி 20 அளவுக்கு இறங்கியது. தமிழ்நாட்டின் சராசரி 2020-இல் 13. ஆகவே ஓட்டம் முடிந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றத்திற்காகத் தேவனைத் துதிக்கிறோம்.

4. வேதம் சொல்வது என்ன?

இப்பொழுது மாற்கு 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். நம் மலைகளில் தூளி கட்டித் தூக்கி வருகிறவர்களைப் பார்த்த எங்களுக்கு அது பழைய கதையாகத் தோன்றுவதில்லை.

மூன்று தாமதங்களும் அங்கே இருக்கின்றன. தூக்கிக்கொண்டு போவோம் என்று யாரோ முடிவெடுத்திருக்க வேண்டும். பாதை முழுவதும் அவனைச் சுமக்க வேண்டியிருந்தது. வீட்டை அடைந்த பின்னும் உள்ளே போக முடியவில்லை. வாசலை அடைத்து நின்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். வசனம் கேட்க வந்த பக்தியுள்ள ஜனங்கள்! தங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு நோயாளி காத்திருக்கிறான் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்காரராகிய எங்களை இந்தப் பகுதி குத்துகிறது. நாங்களும் சிலவேளை அந்த ஜனக்கூட்டமாக இருந்திருக்கிறோம்.

நால்வர் கூரையைத் திறந்தார்கள். ஆண்டவர் அவர்களை, "ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள்? ஏன் வீட்டைப் பிரித்தீர்கள்?" என்று கேட்டதாக மாற்கு எழுதவில்லை. சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை அவர் பார்த்தார் என்றே எழுதியிருக்கிறார். அந்த நால்வரின் பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் நான்கில் ஒருவர் கைவிட்டிருந்தாலும் கட்டில் சாய்ந்திருக்கும்.

5. நாம் செய்ய வேண்டியது

அன்பானவர்களே, கட்டடத்திற்கு என்றும் கருவிக்கு என்றும் குறித்துக் காணிக்கை அனுப்புகிறவர்கள் உண்டு. அவையும் தேவைதான். கல்லில் பெயர் பொறிக்கலாம். படம் எடுத்து அனுப்பலாம். மலை ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் நர்ஸ் படிப்புக்கோ, அவளுடைய விடுதிச் சாப்பாட்டுக்கோ, ஜீப்பின் டீசலுக்கோ கொடுப்பதைப் படம் எடுக்க முடியாது. ஆனால் சிட்லிங்கியில் குழந்தைகளைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத செலவுக்கே உரியது. ஆகையால் அடுத்த முறை காணிக்கை அனுப்பும்போது இதையும் ஜெபத்தோடு யோசியுங்கள்.

எங்கள் பங்கிற்கு நாங்களும் ஒரு தீர்மானம் செய்திருக்கிறோம். அந்தப் பழைய கேள்வியை வெளிநோயாளர் பிரிவில் இனிக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, "எந்த ஊரிலிருந்து வர்றீங்க? எப்படி வந்தீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வோம். எந்த ஊருக்கு நாங்கள் தூரமாக இருக்கிறோம் என்பதை அந்தப் பதில்கள் எங்களுக்குக் காட்டும்.

சிந்திக்கச் சில கேள்விகள் (ஐக்கியக் கூட்டங்களுக்கும் வாலிபர் வகுப்புகளுக்கும்)

1. உங்கள் சபைக்கு அருகில் ஆஸ்பத்திரியிலிருந்து மிகத் தூரமான ஊர் எது? அங்கே ஒரு பெண்ணுக்கு இரவில் பிரசவ வலி வந்தால் என்ன செய்வார்கள்?
2. மூன்று தாமதங்களில் எது நம்மால் உண்டாகிறது?
3. மாற்கு 2-இல் வாசலை அடைத்து நின்றவர்களில் ஒருவராக உங்களை எண்ணிப் பாருங்கள். நீங்கள் எப்படி வழிவிட்டிருக்கலாம்?
4. உதவி பெறுகிறவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடியவை யாவை?

ஜெபக் குறிப்புகள்

மலை ஊர்களில் வீடு வீடாக நடக்கிற சுகாதாரப் பணிப்பெண்களின் பாதுகாப்புக்காக ஜெபியுங்கள். பாதையில்லாத ஊர்களுக்குப் பாதை உண்டாகவும், ஆளுகிறவர்கள் அதை நினைவுகூரவும் ஜெபியுங்கள். நர்ஸ் பயிற்சி பெறும் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். வருகிறவர்களைக் கனத்தோடு ஏற்றுக்கொள்ளும் இருதயம் எங்களுக்கு உண்டாகும்படி மறவாமல் ஜெபியுங்கள்.

கட்டிலின் ஒரு மூலையை நீங்கள் பிடித்திருக்கிறபடியால் தேவனுக்கு ஸ்தோத்திரம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்கள்