கரிசல் வெயிலில் ஒரு மெல்லிய மடிக்கணினி

அன்புள்ள தம்பிக்கு,

புது மடிக்கணினியைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். எடை ஒன்றேகால் கிலோதான், மூடியைத் திறந்ததும் திரை விழித்துக்கொள்கிறது, எதைத் தொட்டாலும் சட்டென்று திறக்கிறது, காற்றாடிச் சத்தம் காதில் விழுவதே இல்லை என்கிறாய். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் நீ அதோடு பழகியது தை மாதத்துக் குளிர்ச்சியில், சில நாள் மட்டும். அது உன்னோடு இருக்கப்போவதோ கோவில்பட்டியில், நான்கைந்து கோடைகளுக்கு. இந்த வகைக் கருவி தன் நல்ல குணங்களை முதல் வாரத்திலேயே காட்டிவிடும். அதன் ஆயுளைத் தீர்மானிக்கிற குணங்களை மட்டும் நாம்தான் தேடிப்போய்ச் சோதிக்க வேண்டும். குறை இருந்தால் மாற்றித் தருவதாகக் கடையில் சொன்ன கெடு முடிவதற்குள் அந்தச் சோதனையைச் செய்துவிடு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்டினார். எடை 1.36 கிலோ. 2011இல் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரில் மற்ற நிறுவனங்களையும் அந்த வழிக்கு இழுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. நம் பக்கத்தில் பல வீடுகளுக்குள் முதலில் நுழைந்த கணினி அந்தத் திட்டத்தில் வந்ததுதான். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பெரும்பாலும் தடிமனானவை. அடிப்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி தனியாகக் கையில் வந்துவிடும். உள்ளே காற்று போய்வர இடம் இருந்தது. எடை குறைந்ததற்கு நாம் கொடுத்த விலை அந்த இடம்தான். சூடு வெளியேற வழி குறுகிவிட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

நீ வியந்த வேகத்தை எடுத்துக்கொள். இன்டெலின் கோர் ஐ5-1235யு என்ற செயலி மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் வந்தது. அதன் அடிப்படை மின் அளவு 15 வாட், உச்ச அளவு 55 வாட் என்று இன்டெலே குறிப்பிடுகிறது. ஒரு மென்பொருளைத் திறக்கும்போதோ கோப்பைத் தேடும்போதோ அது சில விநாடிகளுக்கு உச்சத்தை நோக்கி எகிறும். வேலை நீண்டால், உள்ளே சூடு சேரச் சேர, 15 வாட்டுப் பக்கம் இறங்கிவிடும். முதல் நாட்களில் நாம் செய்வதெல்லாம் திறந்து பார்ப்பது, மூடுவது, படம் பார்ப்பது போன்ற சிறு வேலைகள். ஆகவே நமக்குத் தெரிவது அந்த எகிறல் மட்டுமே. அரைமணி நேரம் ஓடும் நிரலையோ, நீளமான வீடியோவைத் தொகுத்து வெளியெடுக்கும் வேலையையோ அதற்குக் கொடுத்தால்தான் அதன் நிலையான வேகம் தெரியும். பொறியியல் படிக்கிற உனக்கு நாளை வேண்டியது அந்த வேகம்தான்.

இனி வெயிலுக்கு வருகிறேன். மேக்புக் ஏரை இயக்குவதற்கு ஏற்ற சூழல் வெப்பம் 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்று ஆப்பிள் தன் விவரக்குறிப்பில் அச்சிட்டிருக்கிறது. மற்ற பெரிய நிறுவனங்களின் மடிக்கணினிகளுக்கும் பெரும்பாலும் அதே 35தான் மேல் எல்லை. கோவில்பட்டியிலும் எட்டயபுரத்திலும் விளாத்திகுளத்திலும் ஏப்ரல், மே மாதப் பகல்கள் அந்த எல்லையை எளிதாகத் தாண்டுகின்றன. வெயில் குடித்த தட்டட்டிக்குக் கீழே உள்ள அறையில் சாயங்காலம் ஆனாலும் சூடு இறங்காது. ஈரமில்லாத இந்த வெயில்தான் குச்சியும் பெட்டியும் சீக்கிரம் காய உதவி, கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றத் துணை நின்றது. லித்தியம் பேட்டரிக்கு அதே வெயில் பகை. சூடு ஏறினால் பேட்டரிக்குள் வேண்டாத வேதிவினைகள் விரைவுபடும், கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். பேட்டரி முழுதாக நிரம்பிய நிலையில் இருந்தால் இந்தத் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும். கோடைப் பகலில், நூறு சதவீதச் சார்ஜோடு, நாள் முழுக்கச் செருகியே கிடப்பதைவிட மடிக்கணினிக்குக் கெட்ட நிலை கிடையாது. வாங்குவதற்கு முன் நீ படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவை நம் அறையைப் பற்றி எழுதப்பட்டவை அல்ல என்பதுதான் விஷயம்.

பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதிலும் முதல் நாட்களின் கணக்கை நம்பாதே. புதிய கருவி பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டும் கோப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டும் இருக்கும். அதனால் உள்ளதைவிடக் குறைவாகக்கூடத் தாங்கலாம். 50 வாட்-மணிப் பேட்டரி என்றால், திரை வெளிச்சத்தைக் குறைத்துக் கட்டுரை எழுதும்போது ஐந்தாறு வாட் செலவில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் வரும். வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வீடியோ வகுப்பில் உட்கார்ந்து 15 வாட் செலவழித்தால் மூன்று மணி சொச்சம்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிற்கிற நாளில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியும்.

இங்கே நீ ஒரு கேள்வி கேட்கலாம். சூடு மிஞ்சினால் கருவி தானே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறதே, பிறகு எதற்கு இந்தக் கவலை? செயலியைப் பொறுத்தவரை நீ சொல்வது சரி. அது தப்பித்துக்கொள்ளும். ஆனால் பேட்டரி செயலிக்குப் பக்கத்திலேயே, உன் மணிக்கட்டு படியும் பகுதிக்கு அடியில் கிடக்கிறது. வெளியில் அடிக்கும் வெயிலையும் செயலி கக்கும் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வது அதுதான். நாளடைவில் அது உப்பினால் தொடுபலகை மேலெழும்பும், சொடுக்கினால் அழுந்தாது, மூடி சமமாகப் பொருந்தாது. அந்த அறிகுறியைக் கண்டால் அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்விட வேண்டும். குத்தியோ அழுத்தியோ பார்க்கவே கூடாது.

அப்படியானால் தடிமனான, விலை குறைந்த மடிக்கணினியே மேல் என்று வாதிடுவோரும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கழுகுமலையிலிருந்தோ கயத்தாற்றிலிருந்தோ பேருந்தில் நின்றுகொண்டே கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு ஒரு கிலோ குறைவது சின்ன விஷயமில்லை. கனமான கருவி வீட்டிலேயே தங்கிவிடும். மெல்லியது வகுப்புக்கும் நூலகத்துக்கும் கூட வரும். வாங்கியது சரி என்பதே என் எண்ணம். ஆனால் மானாவாரி வெள்ளாமையை நம்பி வருஷத்துக்கு ஒருமுறை பணம் பார்க்கிற வீட்டில் இது அடிக்கடி வாங்கும் பொருளில்லை. மூன்று வருஷத்தில் கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்கிற பேச்சு நமக்குப் பொருந்தாது.

ஆடிக் காற்றில் பறக்கிற புழுதியையும் கணக்கில் எடுத்துக்கொள். காற்றாடி உள்ள மடிக்கணினி பெரும்பாலும் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கும். படுக்கையிலோ தலையணையிலோ வைத்தால் துளை அடைபடும், பஞ்சும் தூசியும் உள்ளே போகும். மேசையில் வை, வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல். 2020க்குப் பின் வந்த மேக்புக் ஏர்களில் காற்றாடியே கிடையாது. அவற்றுக்குப் புழுதித் தொல்லை குறைவு. ஆனால் நீண்ட வேலையில் வேகம் அதிகமாக இறங்கும். எர்த்தையும் பார்க்க வேண்டும். உலோக உடம்புள்ள கருவியைச் சார்ஜ் போட்டபடி தொட்டால் சில வீடுகளில் விரலில் சுருசுருவென்று இருக்கும். சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. மூன்று முள் செருகியும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்ததும் அதன் கடத்தும் திறன் குறைந்துவிடுகிறது. அதனால் எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல். இது மடிக்கணினிக்கு மட்டுமல்ல, வீட்டு மனுஷருக்கும் பாதுகாப்பு.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது இதுதான். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்மாடி அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரே பெரிய வீடியோவை மூன்று முறை தொடர்ந்து வெளியெடு. ஒவ்வொரு முறையும் ஆன நேரத்தைக் குறித்து வை. மூன்றாம் முறை கொஞ்சம் கூடினால் இயல்பு. இரண்டு மடங்கு ஆனாலோ தானே அணைந்துபோனாலோ கடைக்குக் கொண்டுபோ. விண்டோஸ் தருகிற பேட்டரி அறிக்கையை எடுத்து, வடிவமைத்த கொள்ளளவும் முழுச் சார்ஜில் இப்போது நிற்கும் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றனவா என்று பார். லெனோவோ, ஆசுஸ், டெல் போன்ற நிறுவனங்கள் தங்கள் மென்பொருள்களில் சார்ஜை 80 சதவீத அளவில் நிறுத்தும் வசதி கொடுத்திருக்கின்றன. வீட்டில் இருக்கும் நாளெல்லாம் அதைப் போட்டு வை, வெளியூர் போகும் முந்தைய இரவு மட்டும் நிரப்பிக்கொள். பைக்குள் வைக்கும்போது மூடியை மட்டும் மூடிவிட்டுப் போகாதே, முழுக்க அணைத்துவிடு. உறக்க நிலையில் இருக்கும் விண்டோஸ் கருவி சில சமயம் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு காற்றில்லாமல் கொதிக்கும். கடையில் இரண்டு கேள்வி கேள். பேட்டரியை மாற்ற எத்தனை ரூபாய் ஆகும், கோவில்பட்டியிலேயே மாற்ற முடியுமா, அல்லது திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ அனுப்ப வேண்டுமா? ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா, இல்லை பலகையோடு பற்றவைத்ததா? பற்றவைத்தது என்றால், 8 ஜிபியோடு வந்திருக்கிற கருவி கடைசி வரை 8 ஜிபிதான். 16 உள்ளதாக மாற்றிக்கொள்ள வழி இருந்தால் இந்த வாரமே மாற்றிக்கொள்.

எடுத்த நேரங்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வை. சித்திரையில், அதே அறையில், அதே வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்து இரண்டு கணக்கையும் எனக்கு அனுப்பு. அந்தக் கருவியைப் பற்றிய உன் தீர்ப்பை அப்போது எழுது.

அன்புடன்,
அண்ணன்