பழைய ஃபோர் வீல் ஜீப்: பராமரிப்பும் பழுது பார்த்தலும்



மேல் டிவிஷனில் ஒரு தாய்க்கு இரவில் வலி வந்தால், மலையில் ஒருவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால், முதலில் தேடுவது வண்டியைத்தான். 1990 இலக்க அம்பியூலன்ஸ் சேவை 2016இல் ஆரம்பிக்கப்பட்ட பின் பெரிய உதவி கிடைத்திருக்கிறது. ஆனாலும் மழையில் கரைந்த தோட்டப் பாதையில், லயத்து வாசல் வரை எல்லா வண்டியும் ஏறி வராது. அந்த நேரத்தில் கைகொடுப்பது பழைய ஃபோர் வீல் ஜீப்தான். அது ஸ்டார்ட் ஆகுமா, இறக்கத்தில் நிற்குமா என்பது ஓர் உயிரின் கேள்வி. ஆகவே இந்தப் பாடத்தை டிரைவர்மார் மட்டுமல்ல, கராஜில் வேலை பழகும் பிள்ளைகளும், வண்டியில் ஏறிப் போகும் நாம் எல்லோரும் படிக்க வேண்டும்.

1. நமக்குப் பழக்கமான வண்டிகள்

லேண்ட்ரோவர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் 'சீரிஸ் 3' வகை 1971 முதல் 1985 வரை செய்யப்பட்டது. மிட்சுபிஷி கம்பெனி அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் மாதிரியை வைத்து 1953 முதல் 1998 வரை ஜப்பானில் ஜீப் செய்தது. இவற்றில் கம்பியூட்டர் பெட்டி ஒன்றும் கிடையாது. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டே பெரும்பாலான கோளாறுகளைப் பிடித்துவிடலாம். பழைய வண்டியின் பெரிய நன்மை இதுதான்.

2. காலையில் பத்து நிமிஷம்

வண்டி சமதரையில், இஞ்சின் ஆறிய நிலையில் இருக்கும்போது இவற்றைப் பார்க்க வேண்டும்.

• இஞ்சின் ஒயில்: கம்பியின் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியே ஓட்டக்கூடாது.

• ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஒயில், கிளச் ஒயில்: மட்டம் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போய்விடாதீர்கள். எங்கே ஒழுகியது என்று தேடுங்கள்.

• ஃபேன் பெல்ட்: நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்கலாம். வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும்.

• டயர்: நாலும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். வீல் நட்டுகள் இறுக்கம்.

• வண்டி நின்ற இடத்துத் தரை: இரவெல்லாம் சொட்டியது என்ன? கறுப்பு என்றால் இஞ்சின் ஒயில். கெட்டியாக, நாற்றமாக இருந்தால் கியர் அல்லது டிஃபரென்ஷல் ஒயில். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் அது பிரேக் ஒயிலாக இருக்கலாம். அன்று வண்டியை எடுக்க வேண்டாம்.

3. பிரேக்: முதலும் முக்கியமும்

பழைய லேண்ட்ரோவரில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முந்திய வண்டிகள் பலவற்றில் நாலுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஒரு குழாய் வெடித்தால் நாலும் போய்விடும்.

பெடல் நமக்குச் சொல்லும் சேதிகள் இவை:

• மிதித்தால் பஞ்சு மாதிரி இருக்கிறது: குழாயில் காற்று. காற்றை எடுக்க வேண்டும்.

• மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே போகிறது: எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ந்துவிட்டது.

• வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது: ஒரு பக்க ஷூவில் ஒயில் அல்லது கிறீஸ் பட்டிருக்கிறது, அல்லது அஜஸ்ட்மென்ட் சரியில்லை.

• இரண்டு மூன்று தரம் மிதித்த பிறகுதான் பிடிக்கிறது: ஷூ தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. ஈரம் சேர்ந்த ஒயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. எனவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு என்று இஞ்சின் ஒயிலையோ டீசலையோ அதில் ஊற்றவே கூடாது. உள்ளேயுள்ள ரப்பரெல்லாம் ஊதிப்போகும்.

றம்பொடைப் பக்கம் இறங்கினாலும், எல்லயிலிருந்து வெல்லவாய இறங்கினாலும் சட்டம் ஒன்றே: எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் விடுவதும், இஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவதும் பெரிய ஆபத்து. இஞ்சின் பிடிப்பும் போகும், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் உதவியும் போகும்.

4. ஹேண்ட் பிரேக்கை நம்பி ஜெக் அடிக்காதீர்கள்

இதைப் பிள்ளைகள் நன்றாக மனதில் பதிக்க வேண்டும். பழைய லேண்ட்ரோவரிலும் பல பழைய ஜீப்புகளிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், பின் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மில் இருக்கிறது. அது ஷாஃப்டைத்தான் பிடிக்கும், சக்கரத்தை அல்ல.

இப்போது ஒரு பின் சக்கரத்தை ஜெக் வைத்துத் தூக்குகிறோம் என்று வையுங்கள். ஷாஃப்ட் நின்றாலும், நடுவிலுள்ள டிஃபரென்ஷல் காரணமாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையிலுள்ள சக்கரம் மறுபக்கம் உருளும். வண்டி ஜெக்கிலிருந்து இறங்கிப் பள்ளத்துக்குப் போய்விடும். அடியில் ஆள் படுத்திருந்தால் என்ன ஆகும்?

ஆகையால் தூக்குவதற்கு முன் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கல் அல்லது கட்டை அடைக்க வேண்டும். அடியில் போவதென்றால் ஜெக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஓடும்போது இந்த ஹேண்ட் பிரேக்கை இழுப்பதும் கூடாது. ஷாஃப்டும் கியரும் அடி வாங்கும்.

5. ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது!

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: இஞ்சின் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா?

(அ) சுற்றவே இல்லை. பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் மங்கிப்போனால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது பற்றரித் தலையில் வெள்ளைப் பூ பூத்துத் தொடர்பு விட்டிருக்கிறது. வயரைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். சோடாத் தண்ணீர் பற்றரிக்குள் போகக்கூடாது. லைட் மங்காமல் பளிச்சென்று இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டர், சுவிட்ச், அவற்றின் வயர் பக்கம் பார்க்க வேண்டும். சாசிக்கும் இஞ்சினுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டியையும் மறக்க வேண்டாம். பழைய வண்டியில் கறள் பிடித்து, பாதிக் கோளாறுக்கு அதுவே காரணமாகிவிடும். பற்றரி அருகில் நெருப்புக்குச்சி, சிகரட் கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

(ஆ) சுற்றுகிறது, பிடிக்கவில்லை. குளிர்ந்த காலையில் டீசல் இஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் சூடாக வேண்டும். பழைய லேண்ட்ரோவர் டீசலில் நாலு பிளக்கும் மாலை கோத்தது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருக்கும். ஒன்று எரிந்துபோனாலும் நாலும் வேலை செய்யாது.

பிளக் சரி என்றால் டீசல் வழியில் காற்றுப் புகுந்திருக்கலாம். டேங்க் காலியாகி நின்ற வண்டியிலும், ஃபில்டர் மாற்றிய வண்டியிலும் இது வழக்கம். ஃபில்டர் மேலுள்ள சிறு ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியால் அடியுங்கள். முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். பிறகு இஞ்செக்டர் பம்பின் ஸ்குரூவிலும் அப்படியே செய்யுங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் இஞ்செக்டர் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். அதிக அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

6. புகை என்ன சொல்கிறது?

கறுப்புப் புகை: டீசலுக்கேற்ற காற்று இல்லை. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஒயில் ஊற்றிய பழைய வகை ஃபில்டர் என்றால் அழுக்கு ஒயிலைக் கொட்டி, கழுவி, கோடு வரை புது ஒயில் விடுங்கள். மலை உயர உயரக் காற்று மெலிவதால், நுவரெலியா ஏற்றத்தில் கொஞ்சம் புகை கூடுவது வழக்கம்தான்.

நீலப் புகை: இஞ்சின் ஒயில் எரிகிறது.

வெள்ளைப் புகை: குளிர் இஞ்சினில் எரியாத டீசல். சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

7. சூடேறினால்

சமுத்திர மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் அதற்கு மேல் சூடானாலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால் நல்ல இஞ்சினும் ஏற்றத்தில் கொதிக்கும். விலை குறைந்த சாமான்தான். முதலில் அதைப் பாருங்கள். பிறகு ஃபேன் பெல்ட், ஹோஸ், ரேடியேட்டர் கண்களில் அடைத்த சேறும் புல்லும்.

வழியில் கொதித்தால் ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். 'தெர்மோஸ்டட்டைக் கழற்றிப்போட்டால் சரியாகும்' என்று சிலர் சொல்வார்கள். அது நோயை மறைக்கும் வேலையே தவிர, மருந்தல்ல.

8. நாலு சக்கரத்தை எப்போது போடுவது?

இந்தப் பழைய வண்டிகளில் முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவில் டிஃபரென்ஷல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். சேற்றில் என்றால் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஷாஃப்ட் முறுக்கேறும், ஸ்டியரிங் கனக்கும், லீவர் விடுபடாமல் இறுகிக்கொள்ளும். அப்படி இறுகினால் சில அடி நேராக ரிவர்ஸ் எடுத்தால் விடும். ஆக, ஃபோர் வீல் என்பது சேறு, சரளை, வழுக்கல் பாதைக்கு மட்டும்.

சீரிஸ் லேண்ட்ரோவரில் மஞ்சள் குமிழை அழுத்தினால் ஹை ஃபோர் வீல். வண்டியை நிறுத்திச் சிவப்பு லீவரைப் பின்னுக்கு இழுத்தால் லோ. ஃபோர் வீலும் கூடவே விழும். திரும்ப டூ வீலுக்கு வர, நிறுத்திவிட்டுச் சிவப்பு லீவரைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்குத் தள்ள வேண்டும்.

முன் சக்கரத்தில் ஃப்ரீ வீல் ஹப் பூட்டியிருந்தால், கையால் அதைப் பூட்டாமல் லீவரை மட்டும் போட்டுப் பயனில்லை. முன் சக்கரம் இழுக்காது. மழைக் காலத்தில் புறப்படும்போதே பூட்டிக்கொள்வது புத்தி.

9. ஆற்றைக் கடந்த பிறகும், மாதம் ஒரு முறையும்

தண்ணீரில் இறங்கி ஏறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்துக் காய விடுங்கள். சூடான டிஃபரென்ஷல் குளிர்ந்த தண்ணீரில் பட்டதும் உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் தேய்ந்திருந்தால் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த நாள் ஒயிலைப் பாருங்கள். டிஃபரென்ஷலின் மேலுள்ள சிறு மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டால் வேறு வினை: சூட்டில் அழுத்தம் கூடி, ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் ஷூவில் இறங்கும். 'பிரேக் பிடிக்கல' என்று ஷூவை மாற்றியும் குணமாகாத வண்டிகளில் இந்தக் குழாயைப் பாருங்கள்.

மாதம் ஒரு முறை ஷாஃப்ட் ஜொயின்டுகளின் நிப்பிள்களுக்கு கிறீஸ் அடியுங்கள். கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி, இரண்டு டிஃபரென்ஷல், முன் சக்கரத்து உருண்டை மூட்டுகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஒயில் மட்டம் உண்டு. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடக்கூடாது.

லேண்ட்ரோவர் பொடி அலுமினியம். பளபளவென்று இருக்கும். அடியிலுள்ள சாசி இரும்பு. சேறு தங்கினால் உள்ளிருந்தே கறள் தின்னும். வாரம் ஒரு முறை அடியைக் கழுவி, சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்லது. 'டொப்' என்றால் அங்கே இரும்பு மெலிந்துவிட்டது. ஸ்ப்ரிங் மாட்டியிருக்கும் இடங்களை விசேஷமாகப் பார்க்க வேண்டும்.

10. நம் பங்கு

டிரைவருக்கு மட்டும் இது பொறுப்பல்ல. ஒரு கொப்பியில் திகதி, மைல், ஊற்றிய ஒயில், கண்ட கோளாறு எல்லாம் எழுதி வைத்தால், 'பிரேக் சரியில்லை' என்று நிர்வாகத்திடம் சொல்லும்போது வெறும் வாய்ப்பேச்சாக இராது. டிரைவர் தம்பி 'இன்றைக்கு எடுக்க முடியாது' என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அந்த வண்டியில் பானட்டிலும் பின் கதவிலும் தொங்கிக்கொண்டு போகவும் வேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. பின் சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் ஏன் போதாது?
2. லைட் போட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பதால் என்ன தெரியும்?
3. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் ஏன் கூடாது?
4. உங்கள் தோட்டத்து வண்டியின் பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.