ரசீதில் இல்லாத வாக்குறுதி: நுகர்வோருக்குக் கொல்கத்தா தரும் பாடம்

பொருளாதார வளர்ச்சியின் பயன் இறுதியாகச் சென்று சேர வேண்டிய இடம் நுகர்வோரின் இல்லமாகும். உற்பத்தி பெருகுவதும் சேவைகள் விரிவடைவதும் அவருடைய நலனுக்காகவே. ஆயினும், விற்பவருக்குத் தம் சரக்கைப் பற்றித் தெரிந்த அளவு வாங்குபவருக்குத் தெரிவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வே ஏமாற்று வேலைகளுக்கு விளைநிலமாக அமைகிறது. இதனை எளிய நுகர்வோர் எவ்வாறு எதிர்கொள்வது? இக்கேள்விக்கான விடையைக் கொல்கத்தா நகர மக்கள் இருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றனர்.

பத்திரத்தில் 12, கையில் 48

1975ஆம் ஆண்டு கொல்கத்தாவில் சஞ்சயிதா இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்னும் கூட்டாண்மை நிறுவனம் தொடங்கப்பெற்றது. அது பொதுமக்களிடம் பணம் பெற்று ஆண்டுக்கு 48 சதவீதம் வரை வட்டி வழங்கியது. 1979இல் அது 36 சதவீதமாகக் குறைந்தது. நம் பேச்சு வழக்கில், முதலில் நான்கு வட்டி. பின்னர் மூன்று வட்டி. ஆனால் பணம் கட்டியவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கடன் பத்திரங்களில் குறிக்கப்பட்டிருந்த வட்டி 12 சதவீதமே என்றும், மிகுதி ரொக்கமாக மறைவில் கைமாறியது என்றும் மாநில அரசு குற்றம் சாட்டியது.

1980 டிசம்பரில், பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடை செய்யும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. 1982 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மிகுந்த வட்டி அளிப்பது மட்டுமே அச்சட்டம் கூறும் பணச் சுழற்சித் திட்டம் ஆகிவிடாது எனக் கூறி, முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. சட்டத்தின் வலையில் இருந்த இடைவெளி அன்று வெளிப்பட்டது. மறைவாகப் பெற்ற வட்டி நின்றுபோனபோது, அதனை எந்தக் காகிதத்தைக் காட்டி ஒருவர் கேட்க இயலும்?

எளிய கணக்கு

உண்மையான தொழில் வருவாய் இல்லாமல், புதியவர் கட்டும் பணத்தைக் கொண்டே பழையவருக்கு 36 சதவீத வட்டி தரும் ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். 100 பேர் தலைக்கு 1,000 ரூபாய் கட்டினால் முதலாண்டு வட்டி 36,000 ரூபாய். இதற்கு 36 புதியவர்கள் தேவை. அடுத்த ஆண்டு அந்த 136 பேருக்கும் வட்டி தர மேலும் 49 பேர் வேண்டும். இப்படியே சென்றால் பத்தாம் ஆண்டின் முடிவில் 2,100க்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்க வேண்டும். ஏஜெண்டுகளின் கமிஷன் இதற்கு மேல். புதியவரின் வருகை குறைந்த அன்றே கட்டடம் சரியும். கடைசியில் வந்தவரே அதிகம் இழப்பார்.

காகிதத்தில் நிலம், வாய்ச்சொல்லில் வைப்புநிதி

முப்பது ஆண்டுகளுக்குப் பின் பாடம் மறந்து போயிற்று. 2013 ஏப்ரலில் சாரதா குழுமம் வீழ்ந்தது. நிலம், வீடு, சுற்றுலா ஆகியவற்றிற்கான முன்பதிவு என்னும் பெயரில் அது பணம் திரட்டியது. மக்களோ அதனை வங்கி வைப்புநிதியைப் போன்றதாகவே கருதினர். பணம் வாங்க வந்த ஏஜெண்டு அதே தெருவைச் சேர்ந்தவர்; உறவினராகவும் இருந்தார். அவர் முகமே ஜாமீனாயிற்று. அந்த ஏப்ரல் 23ஆம் நாள் செபி, திட்டத்தை முடித்துப் பணத்தைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. ஆனால் திருப்பித் தரப் பணம் எங்கே? நீதிபதி ஷியாமள் சென் ஆணையத்திடம், சாரதா உள்ளிட்ட நிறுவனங்களில் பணம் இழந்தோரின் மனுக்கள் 17 லட்சத்திற்கும் மேல் குவிந்தன. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் பணமே இவ்வாறு போயிற்று.

செய்தித்தாள்கள் இதனைச் 'சிட் பண்டு மோசடி' என்றன. தமிழ் வாசகர்கள் இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். 1982ஆம் ஆண்டுச் சிட் நிதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவாளரிடம் பதிவு செய்து, பிணையம் கட்டி நடத்தப்பெறும் சீட்டு சட்டபூர்வமானது. சாரதா நடத்தியது அத்தகைய சீட்டு அன்று. சட்டத்தின் இடைவெளியை அடைக்கவே, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019இல் இயற்றப்பட்டது.

அன்றாடக் கடையில்

இரு நிகழ்ச்சிகளிலும் பொதுவான கூறு ஒன்று உண்டு: சொன்னது வேறு, எழுதியது வேறு. இதே இடைவெளி அன்றாடக் கொள்முதலிலும் உண்டு. "பில் போட்டால் வரி சேரும், வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்னும் பேச்சு கொல்கத்தாவின் சாந்தினி சந்தையிலும் கேட்கும், சென்னையின் ரங்கநாதன் தெருவிலும் கேட்கும். சில நூறு ரூபாய் மிச்சம் என மகிழ்கிறோம். மின்விசிறி ஒரு மாதத்தில் நின்றுபோனால், அதை அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்பதற்கே சான்று இல்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதனை நன்கு உணர்ந்துள்ளது. பில் அல்லது ரசீது தராதிருப்பதை அது நேர்மையற்ற வணிக நடைமுறை என வகுத்துள்ளது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்காவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. எந்த ஆணையத்தை அணுகுவது என்பதும் செலுத்திய தொகையைப் பொறுத்ததே. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமன்று. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். முதற்படியாக 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

பணம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

1. வாய்மொழியாகச் சொன்ன உத்தரவாதம், வட்டி, தவணை அனைத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுக. எழுத மறுப்பாராயின், அந்த மறுப்பே போதிய எச்சரிக்கை.

2. பொட்டலப் பொருளில் தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றைப் பார்க்க. தங்க நகையில் ஹால்மார்க் முத்திரையும், எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட அடையாளமும் உண்டா எனக் காண்க.

3. பணம் திரட்டும் நிறுவனம் எந்த அதிகார அமைப்பின் கீழ் வருகிறது என வினவுக. ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் இதனைச் சரிபார்க்கலாம், புகாரும் அளிக்கலாம்.

4. வங்கி தருவதைப் போல் பன்மடங்கு வட்டி எனில், அது எந்தத் தொழிலிலிருந்து வருகிறது எனக் கேட்க.

சட்டமும் ஆணையமும் இழப்பு நேர்ந்த பின்னரே துணைக்கு வருகின்றன. அப்போதும் அவை நோக்குவது நம் கையிலுள்ள காகிதத்தையே. எனவே ரசீது கேட்பதை விற்பவர் மீதுள்ள ஐயமாகக் கருதலாகாது. அறிமுகமானவரிடமும் உறவினரிடமும்கூடத் தயங்காமல் கேட்கும் பழக்கம் ஒவ்வோர் இல்லத்திலும் வேரூன்றுமாயின், உரிமை என்பது சட்டப் புத்தகத்திலிருந்து அங்காடிக்கு வந்துசேரும்.