மரத்துப் பாலும் ஆலை ரப்பரும்

கேள்வி: பால்மரம் தரும் ரப்பர், பெட்ரோலியத்தில் செய்யும் ரப்பர் இரண்டும் கார்பன்தானே? பிறகு ஏன் வேறுபாடு?
– வாசகர், சுங்கைப் பட்டாணி

பதில்: இரண்டும் கார்பன்தான். ஆனால் என்ன அணு என்பதைவிட, அது எப்படி இணைந்திருக்கிறது என்பதே பொருளின் குணத்தை முடிவு செய்கிறது. ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற ரப்பரின் விகிதத்தை 1826-லேயே மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். ஐசோப்ரீன் என்னும் அந்தக் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிதான் ரப்பர். மலாயாக் காடுகளின் கட்டாபெர்ச்சா மரப்பாலிலும் அதே கண்ணிதான். ஆனால் அது விறைத்து நிற்கும், இழுபடாது. ரப்பர்ச் சங்கிலி இரட்டைப் பிணைப்புகளில் ஒரே பக்கமாக மடங்குகிறது. கட்டாபெர்ச்சாவில் எதிர்ப்பக்கமாக நீள்கிறது. மடங்கிய சங்கிலிகள் எளிதில் நெருங்கி அடுக்காததால்தான் ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது.

கூலிம், பீடோங் தோட்டங்களில் கோடு வெட்டி மங்கில் வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் நீர். ரப்பர்த் துளிகளைப் போர்த்திய புரதமும் கொழுப்பும் எதிர்மின்னேற்றம் கொண்டவை, அதனால் துளிகள் ஒட்டாமல் மிதக்கின்றன. ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் மின்னேற்றம் அடங்கி, பால் உறைகிறது.

ஆலையில் அதே சங்கிலியைச் செய்யக்கூடாதா என்று கேட்கலாம். செய்கிறார்கள். ஆனால் மரத்தின் நொதி ஏறக்குறையப் பிசகின்றிக் கோக்கிறது; ஆலையின் வினையூக்கி சற்றே பிசகுகிறது, புரதமும் உடன் வருவதில்லை. உயிரினங்களின் பொருள்களை உயிர்ச்சக்தியால்தான் ஆக்க முடியும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள்; ஆனால் இதில் அப்படி மர்மம் எதுவும் இல்லை. 1828-ல் வேதியியலாளர் வோலர் ஆய்வகத்தில் யூரியாவைச் செய்தபோதே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. மரத்தின் பிசகற்ற கோப்பினால்தான், பலமாக இழுத்தால் இயற்கை ரப்பரின் சங்கிலிகள் வரிசையாகிப் படிகமாகி, கிழிசலைத் தடுக்கின்றன. விமான டயர்களில் இன்றும் இயற்கை ரப்பருக்கே முதலிடம்.